பாகையில் வரைந்தால் பிழையா?

சைன் வளைகோடு எப்படி இருக்கும் என்று கேட்டால், பள்ளிக்கூடம் போன எவரும் கையால் காற்றிலே ஒரு அலை வரைந்து காட்டுவார்கள். போன மாசி மாதம் பலெர்மோவில் ஒரு பிள்ளை வரைந்த சைன் வளைகோட்டில் அலையே இல்லை. அடிமட்டம் வைத்துக் கீறியது மாதிரித் தட்டையான ஒரு கோடு. அதற்குக் கிடைத்தது பத்துக்கு நாலு. அந்த நாலு ஒரு வீட்டையே கலக்கிவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கணக்கு என்றவுடன் வெருண்டு ஓடிவிடாதீர்கள். கூட்டல் பெருக்கலுக்கு மேலே பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டேன்.

பிள்ளை எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடி. பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள். லிச்சேயோ ஷென்ரிபிக்கோ என்கிற விஞ்ஞானப் பிரிவுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வருடம். தாயும் தகப்பனும் வீட்டு வேலைக்குப் போகிற ஆக்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் தாய் கதவைத் தட்டினார்.

"அண்ணை, இவள் லிச்சேயோ வேண்டாமாம். அல்பெர்கியேரோவுக்கு மாறப் போறாளாம். தனக்குக் கணக்கு ஓடாதாம். நீங்கள் ஊரிலை கணக்குப் படிச்சனீங்கள்தானே, ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ."

அல்பெர்கியேரோ என்றால் சமையல், ஹொட்டேல் தொழில் பழக்குகிற பள்ளிக்கூடம். அதில் குறைவு ஒன்றுமில்லை. விருப்பப்பட்டுப் போகிற பிள்ளை போகட்டும். ஆனால் ஒரு தட்டைக் கோட்டைப் பார்த்து, 'நான் மொக்கு' என்று முடிவெடுத்து அங்கே போவது வேறு கதை. எங்களில் கனபேர் பாத்திரம் கழுவப் போனது வேறு வழியில்லாமல். பிள்ளையும் வேறு வழியில்லை என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

தாளை வாங்கிப் பார்த்தேன். y = சைன் x என்ற சார்பின் வரைபு கேட்டிருந்தார்கள். பிள்ளை ஒழுங்காக அட்டவணை போட்டிருந்தாள். x 1 என்றால் 0.0175. 2 என்றால் 0.0349. இப்படியே 6 வரைக்கும் போய், கடைசியில் 0.1045. ஒரு அலகுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்துப் புள்ளி குத்தியிருந்தாள். ஆறு சென்ரிமீற்றர் நடந்தபிறகு கோடு ஏறியிருந்தது ஒரே ஒரு மில்லிமீற்றர். மேலே சிவப்பு மையில் ஒரு பெரிய குறுக்குக் கோடும், 'ரதியாந்தி!' என்று ஒரு சொல்லும்.

காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். கல்குலேற்றர் பாகையில் இருந்திருக்கிறது. ரீச்சர் எதிர்பார்த்தது ரேடியனில். ஊரில் நாங்கள் தூய கணிதத்தில் ஆரையன் என்று படித்தோமே, அது. ஆரை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்தை வட்டத்தின் வில்லில் அளந்தால் கிடைக்கிற கோணம் ஒரு ஆரையன். பாகையில் சொன்னால் ஏறக்குறைய 57.3.

"மாமா, எல்லாமே பிழை" என்றாள் பிள்ளை.

இல்லை. ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. 6 பாகையின் சைன் 0.1045தான். அவள் வரைந்தது சைன் அலையின் முதல் ஆறு பாகை. முழு அலைக்கு 360 பாகை வேண்டும். கடற்கரையில் நின்று ஒரு சாண் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு, அலை இல்லை என்று சொன்ன மாதிரி. அந்தத் தாளில் இருந்த ஒரே குறை, x அச்சில் அலகு எழுதாமல் விட்டது. அந்த அலகைக் கேள்வித்தாளும் எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று தெரியும். எங்கள் வீட்டுக் கொரிதோயோ நாலு மீற்றர் நீளம். கேக் சுடுகிற கார்த்தா போர்னோத் தாள்ச் சுருளை எடுத்து நிலத்தில் விரித்தோம். ஒரு பாகைக்கு ஒரு சென்ரிமீற்றர், உயரத்துக்கும் ஒரு அலகுக்கு ஒரு சென்ரிமீற்றர். அவள் போட்ட அதே அளவுத்திட்டம்தான், ஆனால் 360 வரைக்கும். பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து போனோம். 90 இல் ஒரு சென்ரிமீற்றர் மேலே. 180 இல் திரும்பப் பூச்சியம். 270 இல் ஒரு சென்ரிமீற்றர் கீழே. குசினி வாசலில் 360, பூச்சியம். மூன்று மீற்றர் அறுபது நீளத்தில் ஒரு சென்ரிமீற்றர் அலை. நின்று பார்த்தால் அப்போதும் தட்டைதான்.

"இனி இந்தக் கரையிலை படுத்து, கன்னத்தை நிலத்திலை வைச்சுப் பார், பிள்ளை."

படுத்துப் பார்த்தாள். நீளம் கண்ணுக்குச் சுருங்க, அலை எழும்பி வந்தது. "மாமா, ஒந்தா!" என்று கத்தினாள். இத்தாலியனில் ஒந்தா என்றால் அலை. தாய் குசினிக்குள் இருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

ஆக, தட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம் அளவுத்திட்டம். கிடையாக 360 அலகு ஓடுகிற ஒன்று, நிலைக்குத்தாக 1 மட்டும்தான் ஏறுகிறது. பிள்ளைகள் இப்போது பாவிக்கிற டெஸ்மொஸிலும் இதுதான் நடக்கும். பாகை என்று மாற்றிவிட்டு, -10 இலிருந்து 10 வரையான சாதாரண சாளரத்தில் பார்த்தால் தட்டைக் கோடுதான் வரும். x அச்சை -360 இலிருந்து 360 வரைக்கும், y அச்சை -2 இலிருந்து 2 வரைக்கும் விடுங்கள், அலை வந்து நிற்கும். ஜியோஜெப்ராவில் x க்குப் பின்னால் அந்தச் சின்னப் பாகைக் குறியைப் போடவேண்டும். இதை ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம்.

பாகை ஏதோ சின்னப் பிள்ளைகளின் அளவு, பெரிய ஆக்கள் ஆரையனில்தான் கதைப்பார்கள் என்ற ஒரு எண்ணம் மேல்வகுப்புகளில் இருக்கிறது. அது சரியில்லை என்பதற்குப் பலெர்மோவிலேயே சாட்சி இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதன் மேலால் நடந்திருக்கிறோம். சாந்தா ரொசாலியாவின் வெள்ளிப் பேழை இருக்கிற கத்தெத்ராலேக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகாத தமிழர் இங்கே குறைவு. சைவமோ வேதமோ, எல்லோரும்தான் போகிறோம். அந்தக் கோயிலின் சலவைக்கல் நிலத்தில் ஒரு பித்தளைக் கோடு ஓடுகிறது. அதன் கரையோரம் நிறக்கற்கள் பதித்த பன்னிரண்டு ராசிகள். மேலே ஒரு சிறு குவிமாடத்தில் துவாரம். நண்பகலில் அதனூடாக வருகிற சூரிய ஒளி அந்தக் கோட்டைக் கடக்கும். 1801 இல் ஜியுசெப்பே பியாத்சி என்ற வானியலாளர் அமைத்தது. அவர் தியாத்தீன் சபைக் குருவும்கூட.

மார்ச் 20 ஐ ஒட்டிய ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டே காலுக்குக் கிட்ட ஒளிப்பொட்டு மெல்ல மெல்ல வந்து கோட்டைத் தொட்டது. பிள்ளை பொட்டைப் பார்க்கவில்லை, ராசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இடைவெளி ஏன் ஒரே அளவாய் இல்லை?" என்றாள். கணக்கு ஓடாது என்று சொன்ன பிள்ளைதான் இதைக் கேட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். சுகத்துக்காகத் துவாரம் 10 மீற்றர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டோம். பலெர்மோ 38 பாகை வடக்கு. சூரியன் உச்சியிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ அதன் தான்சனை 10 ஆல் பெருக்கினால், ஒளி விழும் இடம் கிடைக்கும். ஜூன் 21 இல் 2.6 மீற்றர். மார்ச் 21 இல் 7.8. டிசம்பர் 21 இல் 18.4. வானத்தில் ஒவ்வொரு ராசியும் கச்சிதமாக 30 பாகை. நிலத்திலோ மிதுனத்துக்கு அறுபது சென்ரிமீற்றர் சொச்சம், மீனத்துக்கு நாலு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய. ஒரே அளவு பாகை, வேறு வேறு நீளம். சார்பின் வரைபு என்பது இதுதானே? இங்கே நிலைக்குத்து அச்சு நிலத்தில் படுத்துக் கிடக்கிறது. கிடை அச்சு நாட்காட்டியாக இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். பாகையில் போட்ட வரைபு இருநூறு வருடத்துக்கு மேலாகப் பெரிய கோயில் நிலத்தில் கிடக்கிறது. அதை யாரும் சிவப்பு மையால் வெட்டவில்லை.

(எங்கள் ஊருக்கும் கணக்குப் பார்த்தோம். யாழ்ப்பாணம் பத்துப் பாகைக்குக் கொஞ்சம் குறைய. அதே 10 மீற்றர் துவாரம் என்றால், டிசம்பரில் ஒளி ஆறரை மீற்றர் வடக்கே விழும், ஜூனில் இரண்டரை மீற்றர் தெற்கே. இடையில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நேர் கீழே விழும். வருடப் பிறப்பில் வெயில் உச்சந்தலையில் சுட்டது சும்மா இல்லை.)

பியாத்சியின் பெரிய சாதனை வேறு. பலாத்சோ தெய் நொர்மான்னியின் கோபுரத்தில் அவருடைய அவதான நிலையம் இருந்தது. அங்கே இலண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1789 இல் செய்து முடித்த ஒரு வட்டக் கருவி. ஐந்து அடி விட்டம், சுற்றிவரப் பாகை பிரித்திருக்கும், நுணுக்குக்காட்டியால் வாசிக்கவேண்டும். 1801 ஜனவரி 1 இரவு அதால் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சீரிஸைக் கண்டுபிடித்தார். பெப்ரவரி 11 வரைக்கும் அதைப் பின்தொடர்ந்தார். அதற்குள் அது வானத்தில் நகர்ந்தது ஏறக்குறைய 3 பாகை மட்டும். பிறகு சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துபோனது. அந்தச் சொற்ப பாகைகளை வைத்துக்கொண்டு, இருபத்திநாலு வயது கௌஸ் முழுப் பாதையையும் கணித்துச் சொன்னார். அந்த வருடம் முடியும்போது, அவர் சொன்ன இடத்துக்குக் கிட்ட சீரிஸ் திரும்பவும் அகப்பட்டது. இதைச் சொன்னபோது பிள்ளை தன்னுடைய ஆறு பாகைக் கோட்டை இன்னொருக்கால் எடுத்துப் பார்த்தாள். ஆறு பாகை என்பது கொஞ்ச விசயமில்லை.

இன்னும் ஒன்று. எங்கள் வீடுகளில் சாதகக் கொப்பி இருக்கும். அதில் பாகை, கலை, விகலை என்று எழுதியிருக்கும். 60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை. சாத்திரத்தை நம்புங்கள், விடுங்கள், அது உங்கள் பாடு. ஆனால் கோணத்தை அளக்கிற சொல் எங்கள் அம்மம்மாக்களின் வாயில் இருந்தது. பிள்ளைக்கு அது தெரியாது. 'கிராதி, ப்ரீமி, செக்கொந்தி' என்று இத்தாலியனில் படித்தது, இதே சாமான்தான் என்று சொன்னபோது சிரித்தாள்.

அந்தக் கலையில்தான் ஒரு அழகான விசயம் இருக்கிறது. 499 ஆம் ஆண்டளவில், தன் இருபத்திமூன்றாம் வயதில், ஆரியபட்டர் ஒரு சைன் அட்டவணை தந்தார். கால் வட்டத்தை 24 ஆகப் பிரித்தார். ஒவ்வொன்றும் 225 கலை. ஆரையை அவர் 1 என்று வைக்கவில்லை, 3438 என்று வைத்தார். ஏன் இந்தக் கோணல் எண்? முழு வட்டம் 21,600 கலை. அதன் ஆரையையும் அதே கலையால் அளந்தால் வருவது 3438. வில்லுக்கும் நாணுக்கும் ஒரே அளவுகோல். அதனால் அவருடைய அட்டவணையில் முதல் 225 கலைக்குச் சைன் பெறுமானமும் 225. தட்டைக் கோடு என்ற பேச்சே இல்லை. 3438 ஐ 60 ஆல் பிரித்தால் 57.3. மேலே ஆரையனுக்குச் சொன்ன அதே எண்!

திரும்பவும் தாள்ச் சுருளை விரித்தோம். இந்தமுறை உயரங்களை எல்லாம் 57.3 ஆல் பெருக்கிப் போட்டோம். அலை அரை மீற்றருக்கு மேலே எழும்பியது, தாளின் அகலம் காணாமல் இரண்டு சுருளை ஒட்டவேண்டி வந்தது. ஆனால் வடிவம் புத்தகத்தில் இருக்கிற அதே வடிவம்.

"அப்ப ஆரையன் எண்டுறது இதுதானோ? உயரத்தைப் பெருக்கிறதுக்குப் பதிலா நீளத்தைப் பிரிக்கிறது?"

அதுதான் பிள்ளை. அவ்வளவேதான். ரீச்சர் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லின் அர்த்தத்தை அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

நான் ஆரையனுக்கு எதிரான ஆள் இல்லை. மேலே போகப் போக அது இல்லாமல் முடியாது. y = x + சைன் x என்று ஒரு சார்பு வந்தால் பாகை உதைக்கும்; 90 பாகையோடு 1 ஐக் கூட்டினால் வருகிற 91 எதனுடைய 91? வகையீடு செய்யும்போதும் அப்படித்தான். ஆரையனில் சைனை வகையிட்டால் சுத்தமாகக் கோசைன் வரும். பாகையில் என்றால் 0.01745 என்ற ஒரு வால் ஒவ்வொரு தடவையும் தொங்கிக்கொண்டு வரும். பிள்ளையின் தட்டைக் கோட்டின் படித்திறனும் இதே 0.01745தான். அந்த வாலை வெட்டத்தான் ஆரையன் வந்தது. ஆகவே ஆரையன் வேண்டும். ஆனால் எதற்காக வேண்டும் என்பதைப் பிள்ளை முதலில் கண்ணால் காணவேண்டும். பாகையில் வரையவிட்டு, தட்டையாக வருவதைக் காணவிட்டு, ஏன் என்று கேட்கவிட்டு, பிறகு ஆரையனைக் கொடுத்தால் அது மருந்து மாதிரி இறங்கும். முதலிலேயே சட்டமாகக் கொடுத்தால், சட்டத்தை மறந்த அன்று பிள்ளை குற்றவாளி ஆகிவிடுகிறாள்.

ரீச்சரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளின் தாளைத் திருத்துகிறவருக்கு ஒவ்வொரு தாளிலும் கதை எழுத நேரமில்லை. ஆனால் 'எல்லாம் சரி, அலகு மட்டும் வேறு' என்று நாலு சொல் எழுதியிருக்கலாம்.

அலகு சொல்லாத எண் எந்த இடத்திலும் ஆபத்துத்தான். நான் இங்கே வந்த புதிதில் கட்டட வேலைக்குப் போனபோது, ஜெயோமெத்ரா கருவியில் பார்த்து, செங்கோணம் '100' என்றார். எனக்குத் தலை சுற்றியது. 90 என்று திருத்தப் போய் நல்ல பேச்சு வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே நில அளவையில் வட்டத்தை 400 ஆகப் பிரிக்கிற ஒரு முறையும் இருக்கிறது என்று. கல்குலேற்றரில் மூன்றாவதாக இருக்கிற G அதுதான். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அலகைச் சொல்லாததுதான் பிழை.

எங்கள் தாய் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை நாலு புள்ளியோடு வந்தால், "நாங்கள் இவ்வளவு கஷ்டப்படுறம், நீ..." என்று தொடங்காதீர்கள். தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும், "இதை எப்பிடிச் செய்தனீ?" என்று கேளுங்கள். சொல்லும்போதே பிழை எங்கே என்று பிள்ளைக்குத் தெரியவரும். சிலவேளை பிழையே இல்லை என்றும் தெரியவரும். இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகளிடம் 'உனக்கு இது சரிவராது, சின்னதாக ஒன்றைப் படி' என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நாங்களும் சொல்லத் தேவையில்லை.

பிள்ளை இந்த வருடம் லிச்சேயோவிலேயே இருக்கிறாள். அடுத்த வருடம் என்ன செய்வாள் என்று தெரியாது, அது அவளுடைய முடிவு. வைகாசியில் வந்த அடுத்த சோதனைத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பத்துக்கு ஆறரை. பெரிய புள்ளி இல்லைத்தான். ஆனால் ஒவ்வொரு வரைபிலும், x அச்சின் கரையில், ரீச்சர் கேட்காமலே அலகை எழுதி, கீழே கோடும் இழுத்திருந்தாள்.